வாங்க சொல்லாத வாசல்

2024 ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சிங்காநல்லூர்க் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ராமாமணியின் வீட்டில் இருந்தவர்கள் விவரம் வருமாறு. கணினி மேசைக்கு முன்னால், ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்த மர நாற்காலியில் ராமாமணி. அவருக்கு வலப்புறம் இரும்புக் கட்டிலின் தலைமாட்டில் கோபிசெட்டிபாளையத்து வாழைக்காரர் சென்னியப்பன், கால்மாட்டில் சோமனூரில் விசைத்தறி ஓட்டும் சாமுவேல். ஜன்னலை ஒட்டிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், உக்கடத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் உம்மல் குல்சும். கேட்டுக்கு வெளியே, வெயிலில், ராமாமணியின் அண்ணன் மகன் யஷ்வந்த் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் தெருமுனை வரைக்கும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு குரல்கள் நின்றன. குரல்களுக்கு உடம்பு கிடையாது என்பதால் வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை. காய்கறி வண்டிக்காரர் மட்டும், தான் கூவுவது யார் காதிலும் விழாது என்று அடுத்த தெரு வழியாகப் போய்விட்டார்.

ராமாமணி இருபத்தாறு வருடம் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டியவர். பட்டறையை மூடிய பிறகு, 2013 ஏப்ரலில், ‘மோட்டார் ராமாமணி’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினார். எந்த மோட்டார் எப்படிக் கெடும், கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பரீட்சைத் தாளில் எழுதுவது போல வரிசை எண் போட்டு எழுதினார். முதல் இருபது நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இருபத்தோராம் நாள் காலை, வாசலில் ‘ஏனுங்க’ என்று ஒரு ஆண் குரல் கேட்டது. போய்ப் பார்த்தார். ஆள் இல்லை. குரல் இருந்தது, அதன் பக்கத்தில் சுற்ற முடியாமல் உறுமும் ஒரு மோட்டாரின் சத்தமும் இருந்தது. ராமாமணி பழக்க தோஷத்தில் ‘வாங்க’ என்றார். குரல் உள்ளே வந்து கணினிக்குப் பக்கத்தில் நின்றது. திரையில் கோபியிலிருந்து சென்னியப்பன் என்பவர் பின்னூட்டம் போட்டிருந்தார்: மோட்டார் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. மெயினை ஆஃப் செய்யுங்கள், கண்டென்சரை மாற்றுங்கள் என்று ராமாமணி பதில் அடித்து முடித்ததும், குரல் ‘சரிங்க, வாரேனுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனது. அன்று பால் ஊற்ற வந்தவரிடம் இதைச் சொன்னபோது அவர், பாலுக்குத் தேதி குறித்துக்கொண்டே, தன் வீட்டு மிக்சியும் புகைகிறது என்றார்.

அதற்குப் பிறகு தினமும் குரல்கள் வந்தன. இந்தப் பக்கத்து ஊர்களில் வாசலில் ஒருவர் வந்து நின்றால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது எல்லோருக்கும் சேராது. வாங்க சொல்லவில்லை என்பதற்காக முப்பது வருடம் கல்யாணம் காட்சிக்குப் போகாத பங்காளிகள் இங்கே உண்டு. ராமாமணி தனி ஆள் என்பதால் எல்லா வாங்கவையும் அவரே சொன்னார். ஒரு கேள்வியும் பொழுது சாயும்வரை நின்றதில்லை. நீள நோட்டில் பெயர், ஊர், மோட்டாரின் குதிரைத்திறன், கோளாறு, தேதி எல்லாம் எழுதி வைத்தார். பதினைந்தாம் நாள் அவராகவே ‘இப்ப எப்படிங்க ஓடுது?’ என்று கேட்பார். கெட்ட மோட்டாரைப் பற்றிக் கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், சரியாகிவிட்ட மோட்டாரைப் பற்றி விசாரித்தது அவர் ஒருவர்தான். அதனால் வந்தவர்கள் போகவில்லை. வாசகர்களை வாசகர்களிடமே அனுப்பவும் தொடங்கினார். கிரைண்டர் என்றால் உம்மல் குல்சுமிடம், தறி என்றால் சாமுவேலிடம். அப்படி அனுப்பப்பட்ட குரல் சிங்காநல்லூரிலிருந்து சோமனூர் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும், மழை நாளில் ஒரு மணி நேரம். பத்து வருடத்தில் அறுநூற்று எட்டு வாசகர்களின் வீட்டு விலாசம் அவரிடம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அத்தனை பேருக்கும் தன் கையால் தபால் அட்டை எழுதினார்.

2023 ஆகஸ்டில் யஷ்வந்த் வந்தான். சரவணம்பட்டியில் விளம்பர கம்பெனி நடத்துகிறவன், வயது முப்பத்தொன்று. ‘அத்தை, டிசைன் ரொம்ப பழசுங்க. பாஸ்வேர்டு கொடுங்க, ஒரே வாரத்துல புதுசாக்கிப் போடறேன்’ என்றான். ‘எடுத்துக்க கண்ணு’ என்று ராமாமணி அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, டம்ளர் நிறையக் காபியும் கொடுத்தார். ஒரே வாரத்தில் புதுசாகிவிட்டது. வலைப்பூவின் பெயர் ‘மோட்டார் யஷ்வந்த்’. ராமாமணி என்ற பெயர் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஒரே தட்டில் யஷ்வந்த் என்று மாற்றியிருந்தான், படித்துப் பார்க்காமல். அதனால் ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகளில் முதலாவது, ‘யஷ்வந்த் பத்தொன்பது வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காயில் கட்டப் போனாள்’ என்று தொடங்கியது. அந்த நிலையிலேயே அதற்கு, சிறந்த வாசகர் வட்டம் கொண்ட வலைப்பூ என்று ஓர் அமைப்பு பரிசு கொடுத்தது. அவன் பொன்னாடையோடு போட்டோ போட்டான். ராமாமணி அதன் கீழே, ‘கண்ணு, என் பேரைக் காணோமே’ என்று எழுதினார். அவன் அந்தப் பின்னூட்டத்தை அழித்தான். பிறகு அவர் எழுத முடியாதபடி அடைத்தான்.

செப்டம்பர் பதினேழாம் தேதி அவர் இரண்டு பஸ் மாறி அவன் வீட்டுக்குப் போனார். நாலாவது மாடி. கதவுக்கு வெளியே நின்று ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டார். உள்ளே டிவி சத்தம் குறைந்தது. கதவின் கண்ணாடித் துளை ஒரு கண்ணால் அடைபட்டு இருண்டது. பிறகு வெளுத்தது. டிவி சத்தம் கூடியது. ராமாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினார். பேர் போனதற்குக்கூட அவருக்கு அழுகைதான் வந்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவி, நீள நோட்டில் எழுதினார்: ‘17.9.2023. மாலை 4.20. வாங்க சொல்லவில்லை.’

அடுத்த நாளிலிருந்து தினம் முப்பத்திரண்டு தபால் அட்டை வீதம் பத்தொன்பது நாள் எழுதினார். அறுநூற்று எட்டு அட்டையிலும் ஒரே வாசகம். ‘அன்புடையீர், நலம். இனி உண்மையான சந்தேகத்தை எனக்குப் போனில் கேளுங்கள். வலைப்பூவிலும் மாதம் ஒரு கேள்வி கேளுங்கள். சரியாகிப்போன பழைய கோளாறாக இருந்தாலும் பரவாயில்லை. மரியாதை குறையாமல் கேளுங்கள்.’ ஏன் என்று ஒருவரும் திருப்பி எழுதவில்லை. அவர்கள் எல்லோரும் முதல் பதிவில் யஷ்வந்த் சேலை கட்டிய வரியைப் படித்திருந்தார்கள்.

வலைப்பூவின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் குரல்கள் போகும். சரவணம்பட்டி அடுக்ககத்துக் காவலாளி விதிப்படி ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதினார்: ‘சென்னியப்பன், கோபி, குரல் மட்டும். உடன் மோட்டார் சத்தம் ஒன்று.’ முதல் நாள் முப்பது வந்தன. யஷ்வந்த் எல்லாவற்றுக்கும் தானாகவே பதில் போகும்படி வைத்தான்: ‘தங்கள் கருத்துக்கு நன்றி.’ குரல்கள் கேட்டுக்கொண்டன. ‘ரொம்ப சந்தோசமுங்க. மோட்டாருங்க?’ என்றபடி அங்கேயே நின்றன. பழைய பதிவிலிருந்து பதிலைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினான். ‘சரிங்க, என்ன அளவு கண்டென்சருங்க?’ என்று அடுத்த கேள்வி வந்தது. கண்டென்சருக்கு அளவு உண்டு என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். வாங்க என்று மட்டும் அவன் சொல்லவில்லை. சொன்னால் உள்ளே வந்துவிடும் என்று பயந்தான். ஜனவரி கடைசியில் பின்னூட்டப் பெட்டியையே மூடினான். அதற்குள் வந்து சேர்ந்தவை வந்தவைதான்.

பேரிங் தேய்ந்த போர்வெல் மோட்டார்கள், கல் சுற்றாத கிரைண்டர்கள், தீய்ந்த மிக்சிகள் எல்லாம் அவன் மாடிப்படியில் இராப் பகலாக ஓடின. அண்டை வீட்டார் புகார் எழுதினார்கள். அவன் பீளமேட்டுக்கு வீடு மாறினான். சாமான் வண்டிக்குப் பின்னால் குரல்கள் வரிசையாக வந்தன. மனைவி ஹாரிகா பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவை படியில் ஒதுங்கி வழி விட்டு, ‘பாத்துப் போங்க அம்மணி’ என்றன. அவனோடு போனில் பேசியவர்களுக்கு மோட்டார் சத்தம்தான் கேட்டது. கம்பெனியில் அவன் உட்கார்ந்த தளத்தில் மற்றவர்கள் உட்கார மறுத்தார்கள். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஒரு ‘ங்க’ குறையவில்லை. ராமாமணி இதையெல்லாம் கேள்விப்பட்டு, தேதி போட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பதினோரு மாதமும் அவருக்கு நல்ல தூக்கம், நல்ல பசி.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே நின்ற யஷ்வந்த் பத்துக் கிலோ இளைத்திருந்தான்.

‘ஏனுங்க அத்தை’ என்றான்.

சென்னியப்பனுக்கு வாய் தன்னால் திறந்தது. ராமாமணி அவரைத் திரும்பிப் பார்த்தார். வந்த வாங்கவை அவர் இருமலாக மாற்றிக்கொண்டார்.

‘அத்தை, பேரை மாத்திப் போட்டர்றேனுங்க. பாஸ்வேர்டும் இந்தாங்க. எல்லாத்தையும் எடுத்துக்குங்க.’

‘போன் கைல தானுங்களே இருக்குது தம்பி’ என்றார் சாமுவேல். ‘நின்ன எடத்துலயே போடுங்க.’

வெயிலில் நின்று, கட்டை விரலால் அவன் எழுதினான். உம்மல் குல்சும் தன் போனில் அதைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்: ‘இதில் உள்ள எல்லாப் பதிவுகளையும் எழுதியவர் என் அத்தை ராமாமணி. அவற்றை நான் எடுத்துக்கொண்டேன்.’

‘எடுத்துக்கொண்டேன் இல்லீங்க’ என்றார் ராமாமணி. ‘திருடினேன்.’

‘அத்தை, ஒரு வார்த்தைதானுங்களே...’

‘ஆமாங்க. ஒரு வார்த்தைதான்.’

கண்ணு என்று வளர்த்தவனை அவர் நீங்க வாங்க போட்டுப் பேசியது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாற்றினான். குல்சும் மறுபடி வாசித்து, சரி என்று தலையசைத்தார். தலைப்பில் பெயரும் மாறிவிட்டது. குரல்கள் இனி தன்னைத் தாண்டி உள்ளே போகும் என்று அவன் கேட்டை விட்டு விலகி நின்றான். ஒன்றும் அசையவில்லை.

‘இவங்களை உள்ள கூப்பிடுங்க அத்தை. நீங்க ஒரு வாங்க சொன்னாப் போதும்.’

‘இவங்க யார் வாசல்ல வந்து கூப்பிட்டாங்க?’

‘எங்க வாசல்லதானுங்க.’

‘அப்ப நீங்கதான் வாங்க சொல்லோணும். பதிலும் நீங்கதான் சொல்லோணும்.’

‘எனக்கு மோட்டாரைப் பத்தி என்னங்க தெரியும்?’

‘பொன்னாடை போத்தறப்பத் தெரிஞ்சிருந்துதுங்களே’ என்றார் குல்சும். ‘பத்தொம்பது வயசுல சேலையைச் செருகிட்டு காயில் கட்டுனவங்க, மறந்துபோட்டீங்களா?’

சென்னியப்பன் சிரித்துக் கட்டிலிலிருந்து சரியப் பார்த்தார். ராமாமணி சிரிக்கவில்லை. ‘பதிலெல்லாம் நான் சொல்லித் தர்றேனுங்க’ என்றார். யஷ்வந்தின் முகம் தெளிந்தது. ‘வாரத்துக்கு ஒண்ணு. தபால்ல வரும். வந்ததும் அந்தக் குரலுக்கு வாங்க சொல்லி, உள்ள கூட்டி, உக்காத்தி, படிச்சுச் சொல்லுங்க. போயிரும்.’

விரல் விட்டு எண்ணியது சென்னியப்பன்தான். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு என்றால், இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறுக்கு நாற்பத்து நாலரை வருடம்.

‘அப்ப எனக்கு எழுபத்தாறு ஆயிருமுங்க அத்தை’ என்றான் யஷ்வந்த். பிறகு, ஒரு வழி தெரிந்தது போல, ‘உங்களுக்கு நூத்தி ரெண்டு ஆயிருமே’ என்றான்.

‘எனக்கப்புறம் சாமுவேல் எழுதுவாருங்க.’

‘எனக்கப்புறம் எம் பொண்ணு கிருபா’ என்றார் சாமுவேல். ‘சொல்லி வெச்சாச்சு.’

‘அறுநூத்தி எட்டு பேர் இருக்கறமுங்க தம்பி’ என்றார் குல்சும். ‘ஆள் பஞ்சம் வராது.’

ராமாமணி மேசைப் பக்கம் திரும்பி, வெள்ளைத் தாளில் வலது மூலையில் ஊரும் தேதியும் போட்டார். ‘திரு. யஷ்வந்த் அவர்களுக்கு. கேள்வி எண் 1. சென்னியப்பன், கோபிசெட்டிபாளையம், உறுமுகிறது, சுற்றவில்லை’ என்று தொடங்கி, எந்த அளவு கண்டென்சர், அதை எப்படிக் கழற்றுவது, முதலில் மெயினை ஏன் ஆஃப் செய்ய வேண்டும் என்பது வரை எழுதினார். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவன் நின்றான். உறையில் போட்டு, விளிம்பில் கோந்து தடவி, உள்ளங்கையால் மூன்று முறை அழுத்தி ஒட்டினார். தபால்தலை ஒட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

‘கைலயே குடுத்தர்லாமுங்களே அத்தை.’

‘தபால்ல வருமுங்க.’

குரல்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. ‘பாத்துப் போங்கம்மா’ என்றன. தெருமுனையில் இருந்த சிவப்புப் பெட்டியின் வாயில் ராமாமணி கடிதத்தைப் போட்டு, விழுந்த சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம் நின்றார். கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.