நீலப்பூக் கோப்பை

எங்கள் நாலு பேரையும் சேர்த்து வைத்தது நட்பு என்று சொன்னால் பொய். வயிறுதான் சேர்த்து வைத்தது. முப்பத்தைந்தாம் வருஷம் நானும் அய்யாவுவும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்கு அலுவலகக் குமாஸ்தாக்கள். அதே கட்டடத்து மாடியில் வரைபடம் போடுகிற வேலை சீனன் ஆ சூனுக்கு. நசீருதீன், பத்து ரோடு கடைத்தெருவில் தன் சித்தப்பாவின் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்த கையோடு நாலு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தின்னக் கிளம்பிவிடுவோம்.

அது லேசுப்பட்ட காரியம் இல்லை. நசீர் பன்றி வாசம் வீசும் தெருவில்கூட மூச்சை அடக்கிக்கொண்டு போவான். எந்தக் கடையானாலும் சட்டியில் இருப்பது என்ன எண்ணெய் என்று விசாரிக்காமல் உட்காரமாட்டான். எனக்கு மாடு ஆகாது. ஆ சூனுக்குத் தயிரைக் கண்டால் குமட்டும். கெட்டுப்போன பாலை எப்படித்தான் விழுங்குகிறீர்களோ என்பான். அப்படிச் சொல்கிறவனே எங்களைப் பெட்டாலிங் தெருவுக்கு இழுத்துப்போய், சோயாப் பாலைக் கட்டியாக்கிச் சீனிப்பாகு ஊற்றிக் கொடுக்கும் ஒரு சீனக் கிழவியின் முன்னால் உட்கார வைப்பான். தயிரைவிட வழவழவென்றிருக்கும் அதை இரண்டு கிண்ணம் உள்ளே தள்ளுவான். அடுத்த வாரம் கம்போங் பாருவில் மலாய்க்காரர்கள் குச்சியில் கோத்துச் சுடும் சாத்தே இறைச்சி, அதற்கடுத்த வாரம் நசீரின் சொந்தக்காரர் கடையில் ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அய்யாவு ஒருவன்தான் எதையும் வேண்டாம் என்று சொல்லாதவன். எங்கே கூப்பிட்டாலும் வருவான், என்ன வைத்தாலும் ரசித்துத் தின்பான்.

யாருக்கு எது ஆகாது என்பதை நாங்கள் ஒளித்துவைத்ததில்லை. நடு மேசையில் போட்டு உடைத்துப் பேசிவிடுவோம். அதனால்தான் எங்களுக்குள் மனஸ்தாபமே இல்லை என்று நான் அலுவலகத்தில் பீற்றிக்கொள்வேன். எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அய்யாவு என்ன சாதி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தின்று முடித்துவிட்டு என் குவார்ட்டர்ஸுக்குக் காப்பி குடிக்க வருவார்கள். என் மனைவி தனலெட்சுமி போடும் காப்பிக்கு ஆ சூன் அடிமை. அவனுக்கும் நசீருக்கும் கண்ணாடிக் கிளாஸ். எனக்குப் பித்தளை டம்ளர். அய்யாவுக்கு மட்டும் நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பை. எங்கள் கல்யாணத்துக்கு ஆ சூன் கொடுத்த ஜோடியில் ஒன்று உடைந்துபோக, மிஞ்சியது அது ஒன்றுதான். வீட்டிலேயே அழகான சாமான் அது.

"பார்த்தியா, எங்களுக்கெல்லாம் சாதாக் கிளாசும் டம்ளரும். உனக்குத்தான் ராஜ மரியாதை," என்று நான் அவனை ஒவ்வொரு வாரமும் சீண்டுவேன். அவன் சிரித்துக்கொண்டே குடிப்பான்.

அவனிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். கிள்ளானுக்கு மட்டும் வரமாட்டான். கிள்ளானில் ஆற்றோரமாக என் மாமனார் பழனியப்பனின் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. அங்கே போடும் சுசியத்தைப் பற்றி நான் மாதக்கணக்காக இவர்கள் காது புளிக்கப் பேசியிருந்தேன். மேல் மாவு மொறுமொறுவென்று, உள்ளே பூரணம் சுடச்சுட நாக்கில் கரையும். மற்ற இருவரும் எப்போது எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அய்யாவுக்குத்தான் ஒரு ஞாயிறு பல்வலி, ஒரு ஞாயிறு கோயில், ஒரு ஞாயிறு செருப்பு அறுந்துபோகும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த ஞாயித்துக்கிழமை நீ வரலைன்னா இனிமே என் வீட்டு வாசல்ல கால் வைக்காத," என்றேன்.

"சரிங்க ராதா, வரேன்," என்றான். நாலு பேரில் என்னை 'நீங்க' என்று சொல்கிறவன் அவன் ஒருவன்தான். இத்தனைக்கும் நான் அவனுக்கு ஒரு வயதுதான் மூத்தவன். ராதாகிருஷ்ணன் என்ற என் பேருக்கு அவன் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ரயிலில் கிள்ளான் போய் இறங்கினோம். கடையில் நல்ல கூட்டம். மாமா நெற்றி நிறைய விபூதியோடு வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க மாப்பிள்ளை, வாங்க. எல்லாரும் நம்ம கூட்டாளிகளா? வாங்க, வாங்க." ஆ சூன் நான் சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பி வணக்கம் சொன்னதும் அவருக்கு வாயெல்லாம் பல். நடு பெஞ்சில் இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லி எங்கள் நாலு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார். நாலு இலை விழுந்தது. தோசை வந்தது, கெட்டிச் சட்னி வந்தது. நான் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

மாமா அய்யாவு பக்கம் குனிந்தார். "தம்பி முகம் பார்த்த முகமா இருக்கே. எந்தத் தோட்டம்?"

எந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் என்பது கிள்ளான் தமிழர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி. அதில் ஒரு விஷமமும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். அய்யாவு இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு தோட்டத்தின் பேரைச் சொன்னான்.

"அட, நம்ம ஆளுதான். அப்பா யாரு?"

"தப்பு அடிக்கிற மாரிமுத்துங்க. கீழ் லயம்."

கீழ் லயம் என்றால், ஒதுக்கிவைத்த சாதிக்காரர்களைத் தோட்டத்தில் தனியாகக் குடிவைத்திருக்கும் வரிசை வீடுகள். இவன் அதை மறைக்காமல், குரலைத் தாழ்த்தாமல், ஸ்டேஷன் பேர் சொல்வதுபோலச் சொன்னான். மாமாவின் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியாதது.

"அப்படியா தம்பி. நீங்க கொல்லைப்பக்கம் போய் உக்காருங்க. அங்க காத்தாட இருக்கும்," என்றார், நோயாளியிடம் பேசுவதுபோல அத்தனை பதமாக. பரிமாறுகிற ஆள் வந்து எனக்கும் நசீருக்கும் நடுவில் இருந்த இலையை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என் வாயில் தோசை இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பின்கதவு திறந்திருந்ததால் கொல்லை தெரிந்தது. குழாயடியில் ஒரு பலகை, சுவரில் ஆணி, ஆணியில் தொங்கும் ஒரு தகரக் குவளை. அய்யாவு எழுந்து போனான். யாரும் காட்டாமலே அவன் கை நேராக அந்தக் குவளைக்குப் போயிற்று. கழுவி, தண்ணீர் பிடித்து, பலகையில் உட்கார்ந்துகொண்டான். அந்தக் கடைக்குள் அதுவரை அவன் வந்ததே இல்லை. எல்லாக் கடையிலும் அது அங்கேதான் தொங்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அபா பாசால்?" என்றான் ஆ சூன். என்ன விஷயம், அவன் ஏன் அங்கே போகிறான் என்று கேட்கிறான். நசீர்தான் தலையைக் குனிந்தபடி மலாயில் இரண்டு வாக்கியத்தில் சொன்னான். வேடிக்கை என்று நினைத்து ஆ சூன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

அவன் தன் இலையை இரண்டு கையாலும் தூக்கினான். சட்னி வழிந்து சட்டையில் ஒழுகியது. அப்படியே நடந்து பின்கதவைத் தாண்டி அய்யாவு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நசீரும் எழுந்தான். "நீ வரலையாடா?" என்றான் என்னிடம்.

மாமா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஆறிடும் மாப்பிள்ளை, சாப்பிடுங்க," என்றார்.

கால் மரத்துவிட்டது, நா எழவில்லை என்றெல்லாம் நான் இப்போது கதை விடலாம். அப்படி ஒன்றும் இல்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. மாமனார் பார்க்கிறார், கடையில் பத்துப் பேர் பார்க்கிறார்கள், நாளைக்குத் தனலெட்சுமி காதுக்குப் போகும் என்று நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே தோசையை முடித்தேன். சுசியம் வந்தது. அதையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும் ரயிலில் ஆ சூனும் நசீரும் தள்ளி வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். அய்யாவுதான் எப்போதும்போல என் எதிரில் உட்கார்ந்தான். நான் ஆரம்பித்தேன், நிறுத்தவே இல்லை.

"கிழவனுக்கு எவ்வளவு திமிரு பாத்தியா? இனிமே அந்தக் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன். நாளைக்கே கடுதாசி எழுதுறேன். அங்க வாயத் தொறக்காம இருந்தேன்னு நினைக்காத, மாமனாரு மூஞ்சிக்காகப் பாத்தேன்."

"விடுங்க ராதா. எனக்கு இது புதுசில்ல."

"புதுசில்லயா? இத்தனை வருஷமா என் வீட்டுக்கு வர. ஒரு நாளாவது அங்க உன்னை யாராச்சும் இப்படி நடத்தியிருக்காங்களா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது.

"நான் குடிக்கிற கோப்பைய உங்க வீட்டுல எங்க வச்சிருக்காங்கன்னு தெரியுமா?" என்றான்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அந்த நீலப்பூக் கோப்பை நினைவுக்கு வந்தது.

"மொத தடவை நான் வந்தப்ப நீங்க வெத்தலை வாங்கப் போயிருந்தீங்க. எந்தத் தோட்டம்னு தனலெட்சுமி தங்கச்சி கேட்டுச்சு. சொன்னேன். அன்னைலேர்ந்து அந்தக் கோப்பைதான்." கோபமே இல்லாமல் சொன்னான்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா நீங்க என்ன செய்வீங்கன்னுதான் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னைக்குத் தெரிஞ்சிருச்சு."

கோலாலம்பூரில் இறங்கியதும் மற்ற இருவரும் கையை ஆட்டாமல் போனார்கள். "சனிக்கிழமை வருவியா?" என்று அய்யாவுவைக் கேட்டேன். "பாப்போம்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. "அப்பா என்ன குடுத்து விட்டாரு?" என்று கேட்டுக்கொண்டே தனலெட்சுமி வந்தாள். நான் நேராக அடுக்களைக்குப் போய் அலமாரியைப் பார்த்தேன். பித்தளை டம்ளர்கள் இருந்தன. ஆ சூனும் நசீரும் குடிக்கும் கண்ணாடிக் கிளாஸ்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்று வருஷமாக அந்த அலமாரியை நான் தினமும் பார்க்கிறேன். நீலப்பூ அங்கே ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"அய்யாவு கோப்பை எங்க?"

"பின்னால, குளிக்கிற இடத்துச் சுவத்து மேல," என்றாள், உப்பு ஜாடி எங்கே என்று கேட்டதுபோல.

அங்கேதான் இருந்தது. பழைய சோப்புத் துண்டுக்கும் சாம்பல் டப்பாவுக்கும் நடுவில், கவிழ்த்து வைத்திருந்தாள். எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதை ஏன் அங்க வச்ச?"

"வேற எங்க வைக்கிறதாம்?" அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ஏங்க, உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். நான் ஒரு நாளும் அந்த அண்ணனுக்கு முகம் சுளிச்சதில்லையே. காப்பில ஒரு குறை வச்சதில்லையே."

அது உண்மை. அவள் அப்பாவும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவள்மேலா, மாமாமேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

"காப்பி போடு. இனிமே எனக்கும் இதுலதான்," என்றேன்.

அவள் போட்டாள். அந்தக் கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் நின்றாள். நான் எடுத்தேன். கோப்பையில் அழுக்கு இல்லை. என் கண்முன்னாலேதான் கழுவினாள். நுரை அடங்கியிருந்தது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் என் கை நின்றது.

நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. என் வாய்க்குள் எச்சில் ஊறவில்லை. கோலாலம்பூரில் நான் தின்னாத தெரு இல்லை. சீனக் கிழவியின் கிண்ணத்தில் யார் யாரோ தின்றதை நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. இங்கே என் நண்பன் ஒருவன் குடித்த கோப்பை, என் கல்யாணத்துக்கு வந்த கோப்பை, என் கையில் நின்றுவிட்டது.

குடித்தேனா என்று கேட்டால், குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்துபோயிற்று. கண்ணைத் திறந்தபோது தனலெட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றதை அவள் பார்த்திருந்தாள். காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, அதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள்.