புழு டீயும் வெறும் தண்ணீரும்

...அப்படி என்ன சிரிப்பு அது, வாய்விட்டுச் சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருக்கலாம், இஸ்திரிப் பெட்டியைக்கூட நிறுத்தாமல் மூக்கால் ஒரு காற்று விட்டாளே பெரியவள் கெர்ட்ரூட், அதைத்தான் நேற்றிலிருந்து மகதலேனாவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கிள்ளானில் ரயில் ஏறும்போதே உட்கார இடம் கிடைத்தது, அந்தோணியாருக்கு நன்றி, கண்ணப்பன் கடையில் நாளெல்லாம் குனிந்து குனிந்து வாழை இலையில் பரிமாறிய இடுப்புக்கு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியே மெத்தைதான், செருப்பைக் கழற்றினால் பாதம் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, செந்தூல் வரும்வரை கண்ணை மூடினால் தூக்கம் வரவேண்டும், வருவதோ மிலோ டின்... சிரிக்கும்படி அப்படி என்ன சொல்லிவிட்டேன்?

ஆறு மிலோ டின், ஆறிலும் மிளகாய்ச் செடி, சின்னவள் ரெஜினாவின் பள்ளிக்கூட சயன்ஸ் போட்டிக்கு. ஐஸ்கிரீம் டப்பாவில் மண்புழுவை விட்டு, காய்கறித் தோலைத் தின்னக் கொடுத்து, அடியில் வடிகிற பழுப்புத் தண்ணீருக்குப் புழு டீ என்று பெயர் வேறு. சிவப்பு நூல் கட்டிய மூன்றுக்கு அந்த டீ, மற்ற மூன்றுக்கு வெறும் தண்ணீர். விடியற்காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவள் ஊற்றும் வேலையை அம்மாவிடம் விட்டாள், தெளிவாகத்தான் சொன்னாள், மகதலேனாவும் தலையை ஆட்டினாள். மறுநாள் குவளையோடு குனிந்தபோது கை கேட்கவில்லையே, என்ன செய்வது... ஒரே வரிசையில் ஆறும் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன, மூன்றுக்குச் சத்து, மூன்றுக்குப் பச்சைத் தண்ணீரா? அடுத்தடுத்த இலையில் ஒருவனுக்குக் கறி வைத்து இன்னொருவனுக்கு ரசத்தை மட்டும் ஊற்றிவிட்டு நகர்கிற மாதிரி. ஆறுக்கும் டீயை ஊற்றினாள், அன்று மட்டுமில்லை, தினமும். நேற்று சாயங்காலம் ரெஜினா ஸ்கேலை வைத்து அளந்தாள், திரும்பத் திரும்ப அளந்தாள், ஆறும் ஒரே உயரம், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“அந்த மூணுக்கும் தண்ணி மட்டும்தானேம்மா ஊத்தச் சொன்னேன். அது கண்ட்ரோல்மா. அதுக்குக் குடுக்காம இருந்தாதான் இதுக்கு எவ்ளோ வித்தியாசம்னு தெரியும். பாலன் சார் என்னை ப்ராஜெக்ட்ட விட்டே எடுத்துடுவாரு லா.”

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தாமல் வீறாப்பு எதற்கு வந்ததோ, “அதுங்க என்னடி பாவம் பண்ணுச்சு? என் கையில பந்தி வஞ்சனை கெடையாது, கண்ணப்பன் பாஸையே கேட்டுப் பாரு” என்றாள். அப்போதுதான் கெர்ட்ரூட் சிரித்தாள்... தங்கச்சியின் யூனிஃபார்முக்குக் காலர் தேய்த்துக்கொண்டே.

ஷா ஆலம் தாண்டிவிட்டது. சிரிக்கட்டுமே, எதில் வஞ்சனை செய்தேன், கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியில் இரண்டு பேருக்கும் கவுன், மீன் வாங்கினால் நடுத்துண்டு ஆளுக்கொன்று, காய்ச்சல் வந்தால் இரண்டு பேரையும்தானே மடியில் போட்டுக்கொண்டேன்... கிரிகரி இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பார். கிரிகரி. மாரடைப்பில் புருஷன் இறந்த அந்த வருஷம் பெரியவளுக்குப் பதினைந்து வயது, மூன்றாம் படிவம், பள்ளிக்கூடச் சோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நின்றாள், நல்ல முடிவு, டீச்சர்கூடப் பாராட்டியிருந்தார், மகதலேனா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், இதோட நிறுத்திக்கலாம்மா, சின்னவளாவது படிக்கட்டும். நிமிர்ந்து பார்க்கவில்லை. கண் கரித்தது வெங்காயத்தால் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். “சரிம்மா” என்றாள் கெர்ட்ரூட், அவ்வளவுதான், அடுத்த மாதம் பேக்டரி பஸ் ஏறினாள். தாங்குகிற பிள்ளை என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள் மகதலேனா. ரெஜினாவைப் பார்த்தீர்களா, எப்படி வளர்ந்துவிட்டாள் என்கிறார்களே அவர்கள், யார் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துச் சொல்கிறார்கள்? குடுக்காம இருந்தாதான் வித்தியாசம் தெரியும்... ஐயோ, மிளகாய்ச் செடியைப் பார்த்துப் பாவம் என்ற இந்தக் கை அன்றைக்கு எங்கே போயிருந்தது? வேறு வழி இல்லைதான். இல்லையா? தேடினேனா?

செந்தூலில் இறங்கி ஃப்ளாட் படியேறினாள். மாடி நடையில் மறுபடி ஆறு டின், மிச்சமிருந்த நாற்றை நட்டிருக்கிறார்கள், எதிரே கெர்ட்ரூட் குந்தியிருந்தாள், பேக்டரி சட்டையைக்கூட மாற்றவில்லை.

“சார் இன்னொரு தடவ செய்யச் சொல்லிட்டாரும்மா” என்றாள் ரெஜினா உள்ளேயிருந்து. “இனிமே அக்காதான் ஊத்துவா. நீங்க கிட்டயே வராதீங்க.”

கெர்ட்ரூட் சிவப்பு நூலுக்கு டீயை ஊற்றினாள், குவளையைக் கழுவினாள், மற்ற மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள், கை கொஞ்சமும் தயங்கவில்லை. மகதலேனா எட்டி நின்றே கேட்டாள்.

“பாவமா இல்லையாடி உனக்கு?”

“எதுக்கும்மா பாவம்? தண்ணியிலயும் உயிரோடதான் இருக்கும். கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்ளோதான்.”

கோபமா, கேலியா, குரலில் ஒன்றும் தெரியவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். மறுபடி படிக்கிறாயா என்று இப்போது கேட்கலாமா, மாலை வகுப்பெல்லாம் இருக்கிறதாமே, கேட்டால் மூக்கால் சிரிப்பாளோ, இல்லை, அதே சரிம்மாவைச் சொல்லிவிடுவாளோ... எதைத் தாங்குவது? மகதலேனா பையிலிருந்து கடை வடைப் பொட்டலத்தை எடுத்தாள், வழக்கம்போல ஆளுக்கொன்றாக இரண்டு வடை, இன்றைக்கு இரண்டையும் பெரியவளிடமே நீட்டினாள். கெர்ட்ரூட் அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தங்கச்சிக்கு என்று திரும்பச் சுற்றி வைத்தாள்.