அக்கா கைக்கு ஒரு வில்

கதவுக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று அவர் மனைவி அடித்துச் சொல்வாள். "நடந்ததைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்லுவார், அவ்வளவுதான்" என்று அதே மூச்சிலேயே சேர்த்தும் கொள்வாள். தபால் ஆபீஸுக்குப் பின்னால் நின்ற முசுக்கட்டை மரம் புயலில் சாய்ந்த கதையை அவர் வாயால் கேட்கவேண்டும். மரம் விழுந்த அதிர்ச்சியில் பெட்டியிலிருந்த கடிதங்கள் தாங்களே முகவரி படித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தனவாம். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. மரம் விழுந்தது மட்டும் நிஜம். அதன் அடிமரத்தில் ஓர் ஆளுயரத் துண்டை அவர் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் சாய்த்ததும் நிஜம்.

தெருவில் பாதி வாசலுக்குக் கதவு செய்து மாட்டியவர் அவர்தான். அவருடைய பட்டறைக் கதவு மட்டும் காற்றடித்தால் தானாகப் படாரென்று சாத்திக்கொள்ளும். முப்பது வருஷமாக நாளைக்குச் சரிசெய்வதாக இருந்தது.

அன்று எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, முசுக்கட்டையில கதவா?"

"கதவு இல்ல. வில்லு."

"யார் மேல விடப்போறீங்க?"

"அளவு தப்பாத் தைக்கிறவங்க மேல."

தையல்காரர் தன் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டினார்.

வில் அக்காவுக்கு. அவருக்குப் பதினொரு வயதிருக்கும்போது அக்காவுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தில் வில்வித்தையில் முதலாவதாக வந்ததற்கு விளையாட்டு வாத்தியார் அவளுக்கு ஒரு மரவில்லைக் கொடுத்திருந்தார். அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத் தம்பி அதை எடுத்தான். காதுவரை நாணை இழுத்தான், விட்டான். அம்பு வைக்கவில்லை. அம்பில்லாமல் நாணை விடக்கூடாது. அம்பு சுமந்துகொண்டு போகவேண்டிய வேகம் முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பிவிடும், மரம் தாங்காது. தாங்கவில்லை. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அக்கா ஓடி வந்தபோது அவன் இரண்டு கையிலும் கைக்குப் பாதியாக வில் இருந்தது.

அவள் அடிக்கவில்லை. "அழாதடா. நீ பெரியவனாகி எனக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துடு" என்றாள். அப்பாவிடம் தானே உடைத்துவிட்டதாகச் சொல்லித் திட்டையும் தானே வாங்கிக்கொண்டாள். வேறு வில் யாரும் வாங்கித் தரவில்லை. இருபது வயதில் கல்யாணமாகிக் கடல்தாண்டிப் போனாள்.

போவதற்கு முதல் நாள், தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி அவளைப் பட்டறைச் சுவரோரம் நிற்கவைத்தான். வில் என்பது ஒருவர் கைக்குத்தான். கையளவு தெரியாமல் வில் செய்தால் அது வெறும் வளைந்த கட்டை. இரண்டு கையையும் விரித்து நீட்டச் சொன்னான். இரண்டு நடுவிரல் நுனியிலும் ஆணி அடிக்கச் சுத்தியலை ஓங்கினான்.

"டேய், அடிக்கிறதுக்கு முன்னாடி நான் கையை எடுத்துக்கலாமா?" என்றாள் அக்கா.

அந்த இரண்டு ஆணியும் நாற்பத்தேழு வருஷமாகச் சுவரில் இருக்கின்றன. ஒருமுறை மனைவி அதில் ஈரத்துண்டைப் போட்டுவிட்டாள். கதவுக்காரர் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு உப்புப் போதவில்லை என்று மட்டும் பேசினார். பிறகு அவள் போடவில்லை.

நடுவில் அக்கா இரண்டு முறை வந்தாள். இரண்டும் சாவுக்கு. சாவு வீட்டில் யார் வில்லைப் பற்றிப் பேசுவார்கள்?

முசுக்கட்டைத் துண்டை ஆப்பு வைத்து நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தார். வெட்டுவாயில் வெடிக்காமலிருக்கப் பெயின்ட் பூசி, பரணில் போட்டு, நான்கு வருஷம் காயவிட்டார். ஐந்தாம் வருஷம் அக்கா போன் செய்தாள்.

"அடுத்த மாசம் வர்றேன்டா. டிக்கெட் பார்த்துட்டிருக்காங்க."

அன்று மத்தியானமே ஒரு பாதியை இறக்கிவிட்டார். வில்லுக்கு முதுகு, வயிறு, இரண்டு கை எல்லாம் உண்டு; மனிதனைப் போலத்தான், தலை மட்டும் இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை என்பார். முதுகுதான் முக்கியம். மரத்தின் ஆண்டு வளையங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எங்கும் அறுபடாமல் ஓடும்படி மேலே இருப்பதை உரிக்கவேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் அங்கேதான் ஒடியும். ஒரு வாரம் மூக்குக்கண்ணாடியை மரத்தில் இடித்துக்கொண்டு உரித்தார். பிறகு வயிற்றுப் பக்கம் வாய்ச்சி, அரம், கடைசியில் பழைய ரம்பத்திலிருந்து வெட்டிய ஒரு சின்ன இரும்புத் தகடு. தகட்டால் இழுத்தால் மஞ்சள் சுருள் ஒன்று விழும், காகிதத்தைவிட மெல்லிசாக.

சுவரில் ஒரு கட்டை நட்டு அதில் வில்லின் பிடியை உட்காரவைத்தார். நாணில் கயிறு கட்டி, தரையோரக் கப்பி வழியாக இழுத்து, எட்ட நின்று பார்த்தார். இரண்டு கையும் ஒரே மாதிரி வளையவேண்டும். அக்காவின் கையளவுக்கு நாண் வந்ததும், பழைய பேப்பர்காரரிடம் கேட்டு வாங்கிய கொக்கித் தராசு பதினைந்து கிலோ காட்டியது. இருபது வயது அக்காவின் தோளுக்கு அது கச்சிதம். முடிந்தது, எண்ணெய் பூசவேண்டியதுதான் பாக்கி.

அக்கா போன் செய்தாள். மகளுக்குப் பிரசவம், இப்போது வரமுடியாது.

எண்ணெய் டப்பாவை மூடி வைத்தார். சும்மா ஒருமுறை வில்லை மாட்டி இழுத்துப் பார்த்தார். வில்லின் இடது கை ஒரு மயிரிழை விறைப்போ என்று தோன்றியது. தகட்டால் நான்கு இழுப்பு. மறுவாரம் பார்த்தால் வலது கை விறைப்பு. அதிலும் நான்கு இழுப்பு. உப்பு கூடிற்று என்று தண்ணீர் விட்டு, தண்ணீர் கூடிற்று என்று உப்புப் போடுகிற கதை. மழைக்காலத்தில் ஊதிப்போன கதவுகளை ஆயுள் முழுக்க இழைத்த கை வேறு. சும்மா இருக்கத் தெரியாது. மரத்தில் எடுக்கலாம், திருப்பி வைக்க முடியாது என்பது ஊருக்கெல்லாம் அவர் சொல்கிற பாடம்.

அடுத்த வருஷம் அத்தானுக்குக் கண் ஆபரேஷன். அதற்கடுத்த வருஷம் விசாக் காகிதத்தில் ஒரு கையெழுத்து குறைந்தது. ஒரு வருஷம் அக்காவுக்கே பல். "பல்லுக்கும் பிளேனுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று கேட்டார். "மேல போனா வலிக்குதாம்டா" என்றாள். ஒவ்வொரு முறை போனை வைத்ததும் பட்டறைக்குள் தகடு சர் சர்ரென்று கேட்கும். பதினொரு வருஷம். விழுந்த சுருள்களில் ஒரு குருவி மூன்று தலைமுறைக்கு வீடு கட்டியதாகவும், கடைசிக் குஞ்சு கூட்டுக்குக் கதவு வைக்கச் சொல்லிக் கேட்டதாகவும் அவர் சொல்வார்.

"எண்ணெய் பூசி மாட்டித் தொலைங்களேன்" என்றாள் மனைவி ஒருநாள்.

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

"வேலை இருக்குற வரைக்கும் அண்ணி வந்துட்டே இருப்பாங்க. அதானே?"

கதவுக்காரர் சட்டென்று இருமினார். வராத இருமல்.

போன வருஷம் அக்கா போனில், "டிக்கெட் எடுத்தாச்சுடா. தேதியை எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டார். ஐந்து வாரம். ஆசையாக ஓடிப்போய் வில்லைத் தராசில் மாட்டி இழுத்தார். ஆறரை கிலோ.

திரும்ப இழுத்தார். தராசைத் தட்டி இழுத்தார். ஆறரை.

தையல்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வில்லா அண்ணே இது? நான் துணி காயப்போடுற கொடி இதைவிட விறைப்பா இருக்கும்."

"வாயை மூடு. நீ எடுக்குற அளவுல துணிக்குள்ள ஆளே கிடைக்கிறதில்ல" என்றார். குரலில் சுரத்தில்லை.

பரணிலிருந்து மறுபாதியை இறக்கினார். ஐந்து வாரத்தில் இன்னொன்று செய்துவிடலாம். முதல் வில்லுக்கு அவ்வளவுதானே ஆயிற்று. ஆனால் அப்போது கண்ணும் பொறுமையும் பதினொரு வருஷம் இளசு. நாலாவது வாரம் கப்பிக் கயிற்றை இழுத்தபோது மேல்முனைக்கு ஒரு சாண் கீழே டிக் என்றது. அடுத்த நொடி வெடித்தது. ஒரு சிம்பு பறந்து அவர் நெற்றியைக் கிழித்தது. தெருவே வெளியே வந்தது. துண்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஒரு சின்ன முடிச்சருகே வளையம் அறுந்திருந்தது. அவர் அரம்தான் அறுத்திருந்தது. இரண்டு கையிலும் கைக்குப் பாதியாக மரத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுக் காயத்தை மட்டும் துடைத்தாள்.

"அவ வந்து கேட்டா நான் எதைக் குடுப்பேன்?" என்றார். "ஆறரை கிலோவையா? ஐம்பத்திரண்டு வருஷம் கழிச்சு, விளையாட்டுச் சாமானையா?"

"அண்ணி மறந்தே போயிருப்பாங்க."

"அது அதைவிட மோசம்."

அக்கா ஒரு புதன்கிழமை காலை வந்திறங்கினாள். தலை முழுக்க வெள்ளை. டாக்சியிலிருந்து பெட்டியை இடது கையால் இழுத்தாள். அவளுக்கு வலது கைப் பழக்கம். கதவுக்காரர் அதைப் பார்த்தார், ஓடிப்போய்ப் பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டார்.

"நெத்தியில என்னடா கட்டு?"

"கதவு இடிச்சுடுச்சுக்கா."

"கதவுக்காரனையேவா? அதுக்கும் நன்றி கிடையாதா?"

டீ குடித்து முடிப்பதற்குள், "எங்கடா என் வில்லு?" என்றாள். மறக்கவில்லை. அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அவள் வில்லைத் தேடவில்லை. நேரே சுவருக்குப் போய் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு ஆணிக்கும் நடுவில் கைகளை விரித்தாள். இடது விரல் ஆணியைத் தொட்டது. வலது கை தோளுயரத்துக்கு வரவேயில்லை. சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. ஆணிக்கும் விரலுக்கும் நடுவே நாலு விரல் இடம் காலியாகக் கிடந்தது.

"ஆணி நகர்ந்துடுச்சுடா" என்றாள்.

"ஆமாக்கா. ஈரச் சுவரு" என்றார் அவர்.

மூன்று வருஷம் முன்பு குளியலறையில் விழுந்ததை அப்போதுதான் சொன்னாள். பல்வலி என்று சொன்னது அந்த வருஷம்தான். தோள் முன்போல இல்லை. பால் பாத்திரம்கூடத் தூக்க முடிவதில்லை.

கதவுக்காரர் வில்லை எடுத்து நாண் ஏற்றினார்.  கொல்லையில் பன்னிரண்டு அடி தள்ளி, தையல்காரர் தந்த துணித்துண்டுகளை அடைத்த சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அவர் மூங்கிலில் சீவி வைத்திருந்த அம்புகளில் ஒன்றை அக்கா கோத்தாள். காலை அகட்டி வைத்தாள். விரலும் இடுப்பும் எதையும் மறந்திருக்கவில்லை. தோள் மட்டும்தான் வேறு. இழுத்தாள். மோவாய் வரை வந்து நின்றது. தம்பி மூச்சை அடக்கினார். இன்னும் ஒரு அங்குலம். கன்னம். காது.

விட்டாள். அம்பு சாக்கைத் தொடாமல், மதிலைத் தாண்டி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த தையல்காரரின் கால்சட்டையில் போய்க் குத்திக்கொண்டு ஆடியது. இரண்டு மதிலும் ஒரு தெருவும் நடுவில் இருக்க அது எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். அம்பு ஒரு லாரி போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் தெருவைக் கடந்தது என்று கதவுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

அக்கா அம்பைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் பேத்தியோட வில்லை இழுத்துப் பார்த்தேன்டா. பாதிகூட வரல. அழுகையா வந்துச்சு. என் கை இவ்வளவுதான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கதவுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"கணக்குப் போட்டேன்க்கா" என்றார். "வருஷத்துக்கு இவ்வளவுன்னு."

ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பது நாளும் காலையில் பத்து அம்பு. கடைசி நாள் சாக்கு மூன்று முறை ஆடியது. போகும்போது நாணை இறக்கி வில்லை அந்த இரண்டு ஆணியின் மேல் வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும்டா. அடுத்த தடவை வரும்போது இன்னும் கொஞ்சம் லேசா வேணும். சீவி வை."

"சரிக்கா."

டாக்சி முனை திரும்பியது. அவர் பட்டறைக்குள் வந்து தகட்டைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்போது காற்றடித்துக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வருகிறது.

"சீவினியாடா?"

"சீவிட்டேன்க்கா. பட்டு மாதிரி வளையுது."

"தரையில ஒரு சுருளைக்கூடக் காணோமே" என்பாள் மனைவி. அவர் காதில் விழாது. வில்லுக்கு நாண் ஏற்றித் தராசில் மாட்டி இழுப்பார். முள் ஆறரையில் நிற்கும். அது அங்கேயே நிற்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டு, நாணை இறக்கி, ஆணிகளின் மேல் வைப்பார்.

தையல்காரர் ஒருநாள் அந்தத் தகட்டை இரவல் கேட்டார். "வேலையில இருக்கு" என்றார் கதவுக்காரர். உண்மைதான். பட்டறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகியிருந்தது.