சந்தைக்குள் ஒரு சட்டை

என் வகுப்பில் படங்களுக்கு இடமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. படத்து வெங்காயம் கண்ணைக் கரிக்காது. ஸ்பானிஷில் ‘ஸெபோயா’ என்று சொன்னால் கையில் வெங்காயம் இருக்க வேண்டும். மேசைகளை வரிசையாகப் போட்டு, காய்கறி, சோப்பு, பூட்டு என்று பரப்பி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போடுவேன். கோட்டுக்குள் சந்தை. அங்கே தமிழ் பேசக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. எதைக் கேட்டாலும் விற்பவர் “ஸீ, ஐ” என்றுதான் சொல்ல வேண்டும். ஆமாம், இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் புதிதாகப் படிப்பவர்களுக்குப் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

தையல்கார அக்கா சேர்ந்த அன்று ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தார்.

“படமெல்லாம் வேணாம்க்கா. பொருளைக் கொண்டு வாங்க,” என்றேன் கறாராக.

அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் போன பிறகுதான் வகுப்பில் கூடப் படிக்கிற நர்ஸ் பெண் சொன்னாள். படத்தில் இருந்தது மகனாம். கப்பல் வேலைக்குப் போனவன் ஸ்பானிஷ் பேசும் ஏதோ துறைமுகத்தில் இறங்கி, “சந்தையிலேர்ந்து பேசறேம்மா” என்று போன் செய்தானாம். அதோடு சரி. அவனுடைய துணிப்பெட்டி மட்டும் திரும்பி வந்தது. அந்தச் சந்தைக்கே போய்க் கேட்பதற்கு அக்கா டிக்கெட் எடுத்துவிட்டார்.

அடுத்த வகுப்புக்குப் பொருள் வந்தது. பெட்டியிலிருந்த கட்டம் போட்ட சட்டை. துவைக்கவே இல்லை. காலர் இன்னும் ஒரு கழுத்தின் வளைவில் நின்றது.

நர்ஸ் பெண்ணின் வெங்காய மேசையில் சட்டையை நீட்டி, “ஐ மீ இஹோ?” என்றார். என் மகன் இருக்கிறானா? மகன் என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே பிடித்தாரோ.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். சட்டம் சட்டம்தானே. “ஸீ, ஐ,” என்றாள்.

அக்கா குனிந்து மேசைக்குப் பின்னால் பார்த்தார்.

சோப்பு மேசையில் டிரைவர். எதற்கும் கிண்டலடிக்கிற ஆள். “ஸீ, ஐ,” என்று முணுமுணுத்தார். அக்கா அங்கேயும் குனிந்து பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் எட்டிப் பார்த்தேன்.

அக்கா கோட்டுக்கு வெளியே போய் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“எல்லாரும் இருக்குன்னே சொல்றாங்க, டீச்சர். அங்க யாராவது இல்லேன்னு சொன்னா அது எப்படிக் கேக்கும்? காதுல விழுந்தா எனக்குப் புரியணும்ல?”

“நோ ஐ... அப்படித்தான்க்கா சொல்வாங்க.”

இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே வந்து முதல் மேசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நர்ஸ் பெண் “நோ ஐ” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நல்லவேளை, பழி போட வெங்காயம் இருந்தது. டிரைவரும் சொன்னார். புரிந்தது என்பதாக அக்கா ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

கடைசியாக என் பூட்டு மேசைக்கு வந்தார்.

“ஐ மீ இஹோ?”

இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த பாஷை எனக்கு வாயில் வரவில்லை.

“இருப்பான்க்கா,” என்றேன்.

அக்கா சட்டையை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“சந்தைக்குள்ள தமிழ் பேசக் கூடாது, டீச்சர்,” என்றார். “ஸ்பானிஷ்ல சொல்லுங்க.”