இரண்டு கையாலும் வாங்கிய டப்பா

நோய்க்குறியியல் துறையில் அந்த வருடம் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம்தான். மார்பகக் கட்டிகளைப் பற்றிய ஆய்வு. மருத்துவ மாணவி நபுகேன்யா கனவில்கூடக் கட்டிகளை அறுத்துக்கொண்டிருந்தாள். போட்டிக்கு நின்றவன் துமுவினே. வாயைத் திறந்தால் பாடப்புத்தகம் கொட்டும்.

தேர்வன்று காலை, கட்டிகளை வாங்கிக்கொள்ளும் கவுன்டரில் அவள்தான் இருந்தாள். மசாக்கா என்ற ஊரிலிருந்து சேகாண்டி என்ற பெரியவர் வந்தார். அவர் மனைவியின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை, ஊர் ஆஸ்பத்திரியில் மார்கரின் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பெரியவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி நபுகேன்யா மண்டியிட்டு வணங்கினாள். வீட்டில் சௌக்கியமா, ஊரில் மழையா, எல்லாம் விசாரித்தாயிற்று. அவர் பைக்குள் கைவிட்டு டப்பாவை நீட்ட, இரண்டு கையாலும் வாங்கினாள். பெரியவர் கொடுத்ததை அவர் முகத்துக்கு நேரே திறந்து பார்ப்பதாவது! வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பையில் அதே மாதிரி இன்னொரு டப்பா இருந்ததை அவள் எங்கே கண்டாள்!

பேராசிரியர் பியாருஹங்கா அந்த டப்பாவையே தேர்வுக்கு எடுத்தார். திறந்ததும் சீறினார்.

"பாத்தீங்களா, கெடாம இருக்க ஃபார்மலினே ஊத்தல! இவங்கள என்ன பண்றது? துமுவினே, நீ சொல்லு."

"நாலு சென்டிமீட்டர் சார். பழுப்பு நிறம், கெட்டியா இருக்கு. ஓரம் ஒழுங்கா இல்ல. கெட்ட கட்டின்னுதான் படுது."

"பலே!" பேராசிரியர் பலமாகத் தலையாட்டினார். "நபுகேன்யா, அறு."

கத்தியை வைத்தாள். நார் நாராகப் பிரிந்தது. நடுவில் ஒரு வெங்காயத் துண்டு.

"உள்ள வெளிறிப்போன படலம் ஒண்ணு தெரியுது சார்," என்றான் துமுவினே.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சொன்னால் பேராசிரியர் மானம் போகும், அதோடு தன் இடமும் போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் கட்டி போய்விடும். ஒருமுறை எடுத்ததை மறுபடி எடுக்க முடியாது.

"சார், இது புகைபோட்ட மாட்டுக்கறி. தப்பு என்னோடது. திறந்து பாக்காம வாங்கிட்டேன்."

"அப்போ கட்டி எங்க?"

"கொண்டுவந்த பெரியவரோட மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுல சார்."

அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். வாடகை மோட்டார்சைக்கிள் ஒன்றில் தொற்றிக்கொண்டு பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தாள். மசாக்கா பஸ்ஸில், ஜன்னலோரம், மடியில் டப்பாவோடு சேகாண்டி. பக்கத்து சீட்டுக்காரரை, "வாங்க, சேந்து சாப்பிடுவோம்," என்று உபசரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, திறக்காதீங்க!"

"என்னம்மா இது, வந்ததும் வராததுமா கத்துற? ஒரு வணக்கம் கிடையாதா?" கை மூடியில் இருந்தது.

வேறு வழியில்லை. பஸ்ஸுக்குள்ளே, வாழைத்தார்களுக்கு நடுவே மண்டியிட்டாள். "வணக்கம் ஐயா. வீட்ல சௌக்கியமா ஐயா. அந்த டப்பாவைக் குடுங்க ஐயா."

"சௌக்கியம், சௌக்கியம். பசியா வந்திருக்க போல. வா, நீயும் ஒரு வாய் சாப்பிடு."

"ஐயா, அது உங்க சம்சாரம்!"

பக்கத்து சீட்டுக்காரர் சத்தம் போடாமல் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். சேகாண்டி மூடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார். அவரைப் பார்க்க நபுகேன்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கட்டியில் கெட்டது எதுவும் இல்லை. இடத்தை பியாருஹங்கா அவளுக்கே கொடுத்தார். அவர் மாட்டுக்கறிக்குத் தலையாட்டியதை யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

முடிவை வாங்க சேகாண்டி மறுபடி வந்தார். சேதி கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு மார்கரின் டப்பாவை எடுத்து நீட்டினார். நபுகேன்யா மண்டியிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய கையோடு, அவர் முகத்துக்கு நேரே திறந்து, மோந்தும் பார்த்தாள்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை.

"பயப்படாதம்மா," என்றார். "இந்தத் தடவ என் சம்சாரம் இல்ல. அவ சமைச்சது."