மறைப்புச் சேலை

செங்குட்டுவன் மாமா அந்தப் பழைய சேலையைச் சுருட்டிப் தங்கையின் பிணத்துக் கால்மாட்டில் செருகினார். சௌமியா அதை உருவி எடுத்தாள். காலையிலிருந்து இதே இழுபறிதான்.

"அவ பொருளு அவளோடயே போவட்டும்மா. மூத்திரத்தப் பத்தி எழுதுன துணிய இன்னும் ஊரு பாக்கணுமா இன்னா?"

மணலி புதுநகரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தவர் மாமா. நல்ல மனுஷன்தான். தங்கை பேர் கெட்டுப்போகுமே என்ற பயம் அவருக்கு; அவள் செத்த பிறகும் அது விடவில்லை.

சௌமியா சேலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. யாரோ கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. "நெஞ்சழுத்தக்காரி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. யாரையோ சொல்வதுபோல இருந்தது.

அம்மா நீலா ஏலக்கூடத்தில் மீன் விற்றவள். அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. ஒருத்திக்கு அவசரமென்றால் இரண்டு பேர் பழைய சேலையைப் பிடித்து மறைப்பார்கள். மற்ற நேரமெல்லாம் அடக்கல்தான். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீலாவின் கிட்னி அப்படித்தான் போயிற்று.

அந்த மறைப்புச் சேலையிலேயே ஒருநாள் அவள் படகுக்கு அடிக்கும் பெயின்ட்டால் கக்கூஸ் கட்டித் தரச் சொல்லிக் கடிதம் எழுதினாள். 'மதிப்புக்குரிய ஆபீசர் ஐயாவுக்கு.' பேப்பரில் எழுதினால் டிராயரில் போட்டு மூடிவிடுவான், முழுச் சேலையை எங்கே போடுவான் என்பாள். பிறகு மற்ற பெண்களும் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்தார்கள். ஏலக்கூடத்துக் கம்பி வேலி முழுக்கக் கடிதமாகத் தொங்கியது. ஊரெல்லாம் வந்து போட்டோ எடுத்தது. ஆபீசர் மட்டும் வரவில்லை.

மடியில் இருப்பது கடைசிக் கடிதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியது. "இத்த வேலில கட்டிடு" என்பதுதான் அம்மா அவளிடம் கடைசியாகச் சொன்னது.

பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். தோள் கொடுத்திருந்த மாமா திரும்பிக் கையை நீட்டினார்.

"குடும்மா. போட்டு எரிச்சிடலாம்."

"அது அம்மாக்கு எழுதுனது இல்ல மாமா. ஆபீசருக்கு எழுதுனது. அவருதான் இன்னும் படிக்கல."

மாமா வாயைத் திறந்தார். பறைச் சத்தம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது.

"வூட்டுக்குப் போய்த் தல முழுவலாமா?" என்று கேட்டாள் ரஹீமுன்னிசா. அம்மாவுக்குப் பக்கத்துக் கூடைக்காரி அவள்.

"மொதல்ல இத்த கட்டிட்டு வந்துடலாம் அத்த."

இன்னும் இரண்டு பெண்கள் கூடவே வந்தார்கள். ஏலம் முடிந்து கூடம் வெறிச்சோடியிருந்தது. சௌமியா ஒரு முனையைக் கம்பியில் முடிந்தாள். மறுமுனையை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுக்கு வருது. காலைலேர்ந்து போவல."

ரஹீமுன்னிசா வேலியருகே போனாள். போட்ட முடிச்சை அவிழ்த்தாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். சேலை சுற்றி வந்தது. சௌமியா உள்ளே குந்தினாள்.

வெயிலில் அம்மாவின் எழுத்து இந்தப் பக்கம் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது.

"மெதுவா போ. நாங்க நின்னுகினுதான் கீறோம்."

அவள் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.