சாவிக்காரர் கேட்காத கேள்வி

வெட்டும் இயந்திரத்தின் பிடியில் பாதி வெட்டிய சாவி ஒன்று காத்துக்கிடக்க, சாவிக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். அவருடைய மின்னஞ்சல் கணக்கில் இடம் நிரம்பிவிட்டதாம். இன்று மாலைக்குள் கணக்கை உறுதி செய்யாவிட்டால் சேமித்துவைத்த படங்கள் மொத்தமும் அழிந்துபோகுமாம். கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். அவர் பதறிப்போனார்.

பதறாமல் என்ன செய்வார்? அவை கல்யாணப் படங்களோ காட்சிப் படங்களோ அல்ல. சாவிகள். தெருவில் யார் வீட்டுக்குச் சாவி செய்தாலும் அதை ஒரு வெள்ளைத்தாளில் கிடத்தி, பக்கத்தில் வீட்டு எண்ணை எழுதி, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். நாற்பத்து மூன்று வீடுகள். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால், படத்தைப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் புதுச் சாவி தயார். இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. வந்து நிற்பவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும், “கதவத் தொறந்ததும் மொதல்ல கண்ணுல என்ன படும்?” என்று கேட்பார். கூடவே போய்க் கதவைத் திறந்து, சொன்னது அங்கே இருக்கிறதா என்று தானே எட்டிப் பார்த்த பிறகுதான் சாவி கை மாறும். ஒருமுறை சொந்த மச்சினனையே இப்படி வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டார். அந்த ஆள் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொத்தானை அமுக்கினார். பக்கம் திறந்தது. மேலே மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். இருபத்தாறு வருடமாகப் பூட்டோடு குடும்பம் நடத்துகிற மனிதர் அல்லவா, பூட்டைக் கண்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தார். கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது, அதையும் கொடுத்தார். ‘நன்றி’ என்று வந்தது. மரியாதை தெரிந்தவர் என்பதால் இவரும் வாய்விட்டு ஒரு நன்றி சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மனைவி மதியச் சாப்பாட்டுப் பையோடு கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் காலை வேலை அவளுக்கு. வந்தவளிடம், போக இருந்த படங்களைத் தான் காப்பாற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். பாத்திர மூடியைத் திறந்துகொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

“அந்த ஆறு நம்பரையுமா குடுத்தீங்க?”

“கேட்டுச்சு, குடுத்தேன். மேல பூட்டு இருந்துச்சும்மா.”

“ஏன், திருடன் அவன் வீட்டுக்குப் பூட்டுப் போட மாட்டானா? நடுவுல யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுன்னுதான் அந்தப் பூட்டு சொல்லும். அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவன் யாருன்னு அது சொல்லாதுங்க.”

போன வருடம் ஆஸ்பத்திரிக்கு இப்படி ஒரு செய்தி வந்து, ஊழியர்கள் எல்லோரையும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பாடம் எடுத்திருந்தார்கள். சுத்த அறுவை என்று அன்றைக்கு வீட்டில் வந்து புலம்பியவள்தான், இன்று அவர் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். அந்தச் செய்தியின் பக்கமே போகவில்லை. தானாக முகவரியைத் தட்டிக் கணக்குக்குள் போனாள். நல்லவேளை, உள்ளே விட்டது. கடவுச்சொல்லை மாற்றினாள். வேறு எங்கெல்லாம் கணக்கு திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் வெளியேற்றினாள். அந்தப் பட்டியலில், இருவரும் கேள்விப்பட்டிராத ஊரிலிருந்து ஒரு கணினி இருந்தது. நுழைந்து பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

“என் தம்பியவே வாசல்ல நிறுத்திக் கேள்வி கேட்டீங்களே. இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவசரத்தில்தான் வருகிறார்கள். அவர்களை நிதானப்படுத்துவதுதான் தன் வேலை என்று இத்தனை நாள் இருந்தவர் சாவிக்காரர். இன்றைக்கு அவசரம் அவருடையதாகப் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பதினோரு நிமிடத்தில் எத்தனை படம் பார்க்கலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. படத்தை வைத்து என்ன செய்யலாம் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிடுங்க. படத்தையெல்லாம் அழிச்சிட்டேன். அவன் எங்கயோ உக்காந்துக்கிட்டு ஊரையே ஏமாத்துறவன். நம்ம தெருவத் தேடிக்கிட்டா வரப் போறான்? நாம சொன்னாத்தான் தெரியும்.”

அவர் சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அவன் வரமாட்டான்தான். ஆனா நான் தெனமும் அந்த வாசல் வழியாத்தானே போகணும்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில், சரியாகச் சேராத சாவி ஒன்றுக்காக மூன்று முறை மாடியேறிப் போய்வந்த இந்த மனிதரைப் பார்த்து, இவர் தேறமாட்டார் என்று நினைத்திருக்கிறாள். இப்போதும் அதையேதான் நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பில் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

மூன்று மணிக்குக் கடையை அடைத்தார்கள். கடையில் இருந்த புதுப் பூட்டுகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு அவர் கிளம்ப, வீட்டு எண்களின் பட்டியலோடு அவளும் கூட வந்தாள்.

“நீ எதுக்கு?”

“நான் வரலன்னா பாதியச் சொல்லிட்டுப் பாதிய முழுங்கிருவீங்க.”

முதல் வீடு, எதிர்க்கட்டடத்து முதல் மாடியில் தனியாக இருக்கும் கணக்கு டீச்சருடையது. ஓய்வுபெற்றும் குரல் ஓய்வுபெறாதவர். சாவிக்காரர் கதவோரம் நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தார். செய்தி, பொத்தான், ஆறு இலக்க எண், பதினோரு நிமிடம். எதையும் முழுங்கவில்லை.

“படத்துல என் வீட்டு நம்பரும் இருந்துச்சா?”

“இருந்துச்சு டீச்சர்.”

“சாவிப் படத்தையும் வீட்டு நம்பரையும் ஒண்ணாவா வைப்பாங்க? பெரிய தப்பு.”

“ஆமா டீச்சர். உள்பூட்டு மொத்தத்தையும் மாத்தித் தந்துர்றேன். இனிமே யார் வீட்டுச் சாவியையும் படம் எடுக்கமாட்டேன்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“அரை மணி நேரம்.”

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “எனக்கு நாலு மணிக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. முடிஞ்சதும் சாவிய அலமாரி மேல வச்சிருங்க, கதவச் சும்மா சாத்திட்டுப் போங்க.”

“டீச்சர், நீங்க கூட இருந்தா நல்லது. இல்லன்னா இன்னொரு நாள்...”

“அப்புறம் என் பல்லுக்கு யார் போறது?” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆளில்லாத வீட்டுக்குள் சாவிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு மண்டியிட்டார். உள்ளே மேசைமேல் டீச்சரின் கடுதாசிகளும் மருந்து மாத்திரைகளும் போட்டது போட்டபடி கிடந்தன. அந்தப் பக்கம் திரும்பக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. பழைய பூட்டைக் கழற்றி வெளியே இழுத்ததும் கதவில் வட்டமாக ஓர் ஓட்டை விழுந்தது. கண் கலங்கியிருந்ததால் திருப்புளி சரியாகப் பிடிபடவில்லை. வெளியே எதிர் வீட்டு அழைப்புமணி ஒலித்தது.

ஓட்டை வழியே பார்த்தார். மனைவியின் முதுகு தெரிந்தது. ஒரு கையில் பட்டியலும் மறுகையில் உறை பிரிக்காத பூட்டுமாக, கதவு திறப்பதற்குள் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.